தவறான விடைகளைப் படிப்பது

அமெரிக்கா போன்ற வெளிநாடுகளில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள். கணக்குப் பகுதி அவர்களுக்குப் பள்ளிப் பாடங்களின் மறுபதிப்பாகவே தோன்றுவதால் அதைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, 'வெர்பல்' எனப்படும் ஆங்கிலப் பகுதியோடுதான் மல்லுக்கட்டுவார்கள். அந்த மல்லுக்கட்டு ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. கல்லூரி சீனியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு சொற்பட்டியலை அனுப்பிவைப்பார். அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, 'அபேட்', 'அபெரன்ட்', 'அப்ஸ்காண்ட்' என்று அகரவரிசையில் உருப்போடத் தொடங்குவார்கள். 'சி' எழுத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பேருக்கு ஊக்கம் வடிந்துவிடும். மீதிப் பேர் 'இசட்' வரை போய்விட்டு, முதல் மாதிரித் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள்.

சொற்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் தயாரிப்புக்கென ஒதுக்கிய நேரத்தில் முக்கால் பங்கு பட்டியலுக்கும் கால் பங்கு வாசிப்புக்கும் போவது தலைகீழ்க் கணக்கு என்பதே என் கட்சி. வெர்பல் கேள்விகளில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு விடையளிக்கும் கேள்விகள். மீதிப் பாதியிலும் சொல்லின் பொருள் தெரிந்திருப்பதால் மட்டும் விடை கிடைத்துவிடுவதில்லை. வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பது பிடிபட்டால்தான் கிடைக்கும்.

பட்டியலின் மீது நமக்குள்ள பக்திக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கார்னெகி அறக்கட்டளையின் முயற்சியால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 1936இல் தொடங்கப்பட்ட தேர்வு இது. 1947இல் உருவான ஈ.டி.எஸ். (எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்) என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் பின்னர் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. நான் எழுதிய காலத்து வெர்பல் பகுதியில் எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் இருந்தன. எதிர்ச்சொல் கேள்வியில் வாக்கியமே கிடையாது. பெரிய எழுத்தில் ஒற்றைச் சொல் ஒன்று நிற்கும். கீழே ஐந்து தெரிவுகள். சொல் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை. அந்தத் தேர்வுக்குப் பட்டியலை உருப்போட்டது நியாயமான உழைப்புத்தான். ஆனால் 2011 ஆகஸ்டில் இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். 200 முதல் 800 வரை இருந்த மதிப்பெண் அளவையும் 130 முதல் 170 வரை என்று மாற்றினார்கள். இன்று ஜி.ஆர்.இ.யில் வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் சொல் ஒன்றுகூடக் கேட்கப்படுவதில்லை. இருந்தும் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் 2011க்கு முந்தைய வழிகாட்டிகளைப் பேரம் பேசி வாங்கிச் செல்லும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு மாறிவிட்டது, அதைப் பற்றிய வழக்காறு மாறவில்லை.

2023 செப்டம்பரில் தேர்வு இன்னும் சுருங்கியது. மொத்தம் 1 மணி 58 நிமிடம். வெர்பல் இரண்டு பிரிவுகளாக வரும்: முதல் பிரிவில் 12 கேள்விகளுக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகளுக்கு 23 நிமிடம். முதல் பிரிவை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது பிரிவின் கடினம் அமையும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 2020க்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் இந்த மதிப்பெண்ணைக் கேட்பதையே நிறுத்திவிட்டதால், விண்ணப்பிக்கப்போகும் துறைக்கு அது தேவையா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. தேர்வுக் கட்டணம் 20,000 ரூபாயைத் தாண்டும்போது இது சின்ன விஷயமல்ல.

சொல் சார்ந்த கேள்விகள் உண்மையில் எதைச் சோதிக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். நானே அமைத்த கேள்வி இது. 'அவருடைய மேடைப் பேச்சுகள் சொற்சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவை. ஆகவே அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் காணப்படும் ______ ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது.' தெரிவுகள் 'ப்ரெவிட்டி', 'கேண்டர்', 'எலிகன்ஸ்', 'வெர்பாசிட்டி', 'அக்ரிமனி' என்று வைத்துக்கொள்வோம். அவசரமாகப் படிப்பவர் 'ஆகவே' என்ற சொல்லைப் பார்த்ததும் வாக்கியம் நேர்கோட்டில் செல்வதாக எண்ணி, சுருக்கத்தைக் குறிக்கும் 'ப்ரெவிட்டி'யைத் தொட்டுவிடுவார். நண்பர்களுக்கு எழுதும் கடிதத்தில் ஒளிவுமறைவு இராது என்று தன் அனுபவத்திலிருந்து யோசிப்பவர் 'கேண்டர்' என்பார். ஆனால் வாக்கியத்தில் ஒளிவுமறைவைப் பற்றிய பேச்சே இல்லை; இருப்பவை சொற்சிக்கனமும் வியப்பும் மட்டுமே. சிக்கனக்காரரிடம் வியப்பைத் தருவது வளவளப்பு, ஆகவே 'வெர்பாசிட்டி'. 'வியப்பில் ஆழ்த்தியது' என்பதை 'வியப்பில் ஆழ்த்தவில்லை' என்று மாற்றிவிட்டால் விடை 'ப்ரெவிட்டி'யாகிவிடும். திருப்பம் 'ஆனால்' என்ற வெளிப்படையான சொல்லில் இல்லாமல் வியப்பு என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. இந்த ஐந்து சொற்களையும் பட்டியலில் படித்து முடித்தவர்கூட இதில் வழுக்கி விழலாம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆறு தெரிவுகளில் இரண்டைத் தேர்ந்து, இரண்டுமே வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரவேண்டும் என்று கேட்கும் வகை இன்னும் நயமானது. அதில் பெரும்பாலும் இரண்டு கண்ணிகள் இருக்கும். ஒன்று, தமக்குள் ஒத்த பொருள் கொண்ட, ஆனால் வாக்கியத்துக்குப் பொருந்தாத இணை. மற்றொன்று, வாக்கியத்துக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் துணையில்லாத ஒற்றைச் சொல். 'விமர்சகர் நாவலைப் பாராட்டினார் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பாராட்டு ______ இருந்ததால் பதிப்பாளர் அதைப் பின்னட்டையில் போடவில்லை' என்ற வாக்கியத்துக்கு உற்சாகமில்லாத என்று பொருள்தரும் 'டெப்பிட்', 'லுக்வார்ம்' என்ற இரண்டும் விடை. பொங்கி வழியும் பாராட்டைக் குறிக்கும் 'எஃப்யூசிவ்', 'கஷிங்' என்ற இணை ஒத்த பொருள் உடையதுதான், ஆனால் திசை எதிர். சுருக்கமாக இருந்தது என்று பொருள்தரும் 'ப்ரீஃப்' திசையில் தவறில்லை, துணைதான் இல்லை. பட்டியல் வழியே படித்தவர்கள் இணையைத் தேடித் தொடங்குகிறார்கள். வாக்கியத்தை முதலில் படித்து, வெற்றிடத்தில் என்ன பொருள் வரவேண்டும் என்று தம் சொந்தச் சொல்லில், தமிழிலேயே இருந்தாலும் சரி, முடிவு செய்துகொண்டு பிறகு தெரிவுகளைப் பார்ப்பவர்களே இதில் தப்புகிறார்கள்.

கடினமான சொற்களைவிட எளிய சொற்கள் அதிகச் சேதம் விளைவிக்கின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'லக்கோனிக்', 'கேரலஸ்' போன்றவற்றை யாரும் விடமாட்டார்கள், அவை பார்த்தவுடனேயே ஜி.ஆர்.இ. சொற்கள் என்று தெரியும். 'குவாலிஃபை' என்பதைத் தேர்ச்சி பெறுவது என்ற ஒரே பொருளில் அறிந்தவர், ஆசிரியர் ஒரு கூற்றை 'குவாலிஃபை' செய்கிறார் என்று படித்தால், அதை வரம்புக்குட்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளமாட்டார். 'அரெஸ்ட்' என்பது ஒரு நோயின் போக்கை நிறுத்துவதாகவும், 'செக்' என்பது கட்டுப்படுத்துவதாகவும், 'வான்ட்' என்பது இல்லாமையாகவும் பத்திகளில் வரும். 'சாங்ஷன்' ஓரிடத்தில் ஒப்புதலாகவும் இன்னோரிடத்தில் தண்டனையாகவும் வரும். இவற்றை யாரும் பட்டியலில் அடிக்கோடிடுவதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்.

சொற்களை மனத்தில் நிறுத்தும் முறை பற்றி ஆராய்ச்சி நிறையவே நடந்திருக்கிறது. பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கிப் பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. 1972இல் செபாஸ்டியன் லைட்னர், கேள்வியை ஒரு பக்கமும் விடையை மறுபக்கமும் எழுதிய அட்டைகளில், சரியாகச் சொன்ன அட்டையைத் தள்ளித் தள்ளி வைத்து, தவறிய அட்டையை முதல் பெட்டிக்கே திருப்பி அனுப்பும் பெட்டி முறையைப் பரப்பினார். இன்று கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசமாகக் கிடைக்கும் ஆன்கி செயலி இடைவெளி விட்டு மீளப் பார்க்கும் அதே கருத்தைத்தான் கணக்கிட்டுச் செய்கிறது. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் நடத்திய சோதனை நம் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஸ்பைரல் போட்ட பட்டியலைப் பேருந்தில் ஐந்தாவது முறையாகப் புரட்டும்போது 'எல்லாம் தெரிகிறதே' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான்.

ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் சொல்லையும் மறுபக்கத்தில் பொருளையும் எழுதுவதற்குப் பதிலாக, ஒரு பக்கத்தில் வெற்றிடத்தோடு ஒரு வாக்கியத்தை எழுதி, மறுபக்கத்தில் சொல்லை எழுதச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை நாமே அமைத்தால் இன்னும் நல்லது. சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் உறவினர்களோடு வைக்க வேண்டும்: 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்', 'மைசர்லி', 'பிராடிகல்' நான்கையும் ஒரே நாளில் படித்தால், முதலாவதில் பாராட்டும் அடுத்த இரண்டில் ஏச்சும் கலந்திருப்பதும், கடைசியது ஊதாரியைக் குறிக்கும் எதிர்ச்சொல் என்பதும் தெரியவரும். சிக்கனக்காரர் என்பதற்கும் கஞ்சர் என்பதற்கும் உள்ள தூரம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தூரத்தை ஆங்கிலச் சொல்லின் மீதும் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இப்படி அரைமணி நேரம் போதும். மீதி நேரத்தை வாசிப்புக்குக் கொடுக்கலாம்.

வாசிப்பில் நமக்கென்று தனியே ஒரு தடை இருக்கிறது. தமிழ் வாக்கியம் அடைமொழிகளையும் எச்சங்களையும் முன்னே நிறுத்தி, வினைமுற்றைக் கடைசியில் வைக்கும். கேட்பவர் கடைசிவரை காத்திருந்து பொருளைக் கூட்டிக்கொள்வார். ஆங்கிலம் எழுவாயையும் வினையையும் முன்பாகவே சொல்லிவிட்டு, விளக்கங்களைப் பின்னால் தொடுத்துக்கொண்டே போகும். ஜி.ஆர்.இ. பத்திகளை எழுதுபவர்கள் வேண்டுமென்றே எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இரண்டு வரிச் செருகலை வைப்பார்கள். அந்தச் செருகலுக்குள்ளும் ஒரு வினை இருக்கும். யார் செய்தது, என்ன செய்தது என்பது அங்கேதான் குழம்புகிறது. முதல் சில வாரங்களுக்கு, நீண்ட வாக்கியம் ஒவ்வொன்றிலும் முதன்மை எழுவாயையும் முதன்மை வினையையும் மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றை மட்டும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பது நல்ல பயிற்சி. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பிற்பாடு கண் தானாகவே செருகலைத் தாண்டப் பழகிவிடும்.

என் அக்கா மகள் இப்போது இந்தத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு உட்காரும் பொறுப்பு எனக்கு. அவளுக்காக நான் எழுதிய ஒரு பயிற்சிப் பத்தியின் தமிழ் வடிவம் இது. 'இந்தியாவில் பஞ்சங்கள் ஓய்ந்ததற்கு இருப்புப்பாதையே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுவர். தானியம் மிகுந்த மாவட்டத்திலிருந்து மழை பொய்த்த மாவட்டத்துக்குச் சரக்கு விரைவாகச் சென்றதால், மாவட்டங்களுக்கிடையிலான விலை வேறுபாடு குறைந்தது என்பது மறுக்க முடியாதது. ஆனால் விலை சமமாவது வேறு, பட்டினி கிடப்பவரால் அந்த விலைக்கு வாங்க முடிவது வேறு. மழை பொய்த்த ஊரில் பயிரோடு கூலியும் போய்விடுகிறது. கையில் காசில்லாதவரின் ஊருக்குத் தானியம் தானாக வந்து சேர்வதில்லை. ஆகவே இருப்புப்பாதையின் பயன், நிவாரண வேலைகள் கூலி கொடுத்த இடங்களிலேயே பெரிதும் வெளிப்பட்டிருக்கக்கூடும்.'

ஆசிரியர் எதை ஒப்புக்கொள்வார் என்பது கேள்வி. ஐந்து தெரிவுகள் கொடுத்திருந்தேன். பஞ்சங்கள் ஓய்ந்ததற்கும் இருப்புப்பாதைக்கும் தொடர்பே இல்லை என்பது முதலாவது. பஞ்ச காலத்திலும் இந்தியத் தானியம் ஏற்றுமதியானது என்பது இரண்டாவது. நிவாரண வேலைகள் மாவட்டங்களுக்கிடையிலான விலை வேறுபாட்டைக் குறைத்தன என்பது மூன்றாவது. இருப்புப்பாதை எட்டாத மாவட்டங்களில் பஞ்சம் மேலும் கடுமையாக இருந்தது என்பது நான்காவது. விலை வேறுபாடு குறைந்ததை மட்டும் வைத்துப் பஞ்சம் தணிந்ததை முழுமையாக விளக்கிவிட முடியாது என்பது ஐந்தாவது.

அவள் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். தவறு என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது நிஜமாவே நடந்ததுதானே, சித்தி? தாது வருஷப் பஞ்சத்துல ஜனங்க செத்துக்கிட்டு இருக்கும்போதே கப்பல் ஏத்தி அனுப்பினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நடந்ததுதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் வாட்டிய அந்தப் பஞ்சத்தின்போதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. ஆனால் இந்தப் பத்தியின் ஆசிரியர் ஏற்றுமதி பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. உலகத்தில் உண்மையாக இருப்பதும் பத்தியில் சொல்லப்பட்டிருப்பதும் வெவ்வேறு. இந்தத் தேர்வு பத்தியில் சொல்லப்பட்டிருப்பதை மட்டுமே கேட்கிறது. தெரிந்த விஷயம் பத்தியாக வரும்போது மாணவர்கள் மகிழ்ச்சி அடைகிறார்கள். நான் கவலைப்படுவேன். உயிரியல் படித்தவர் உயிரியல் பத்தியிலும், அரசியலில் ஆர்வமுள்ளவர் அரசியல் பத்தியிலும் தடுக்கி விழுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

மற்ற மூன்று தவறான தெரிவுகளையும் விட்டுவிடக் கூடாது. முதலாவது, ஆசிரியரின் எண்ணப்போக்கைச் சரியாகப் பிடித்துவிட்டு, அளவில் கெட்டுப்போகிறது; 'மறுக்க முடியாதது' என்று விலை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததையும் 'பெரிதும்' என்று சொல்லி இருப்புப்பாதைக்கு ஒரு பயனை ஏற்றுக்கொண்டதையும் அது கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது தெரிவில் உள்ள சொற்கள் எல்லாம் பத்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை, ஆனால் அவற்றுக்கிடையே இருந்த உறவு மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. விலை வேறுபாட்டைக் குறைத்தது சரக்குப் போக்குவரத்து, நிவாரண வேலை அல்ல. பத்தியைச் சரியாகப் படிக்காதவருக்குப் பழகிய சொற்களின் முகம் ஆறுதல் தரும் என்பதாலேயே இத்தகைய தெரிவுகள் எழுதப்படுகின்றன. நான்காவது, பத்தியிலிருந்து ஊகிக்கலாம் போலத் தோன்றும்; ஆனால் இருப்புப்பாதை இல்லாத மாவட்டங்களைப் பற்றி ஆசிரியர் எந்த ஒப்பீடும் செய்யவில்லை. ஐந்தாவதைப் பாருங்கள்: 'மட்டும்', 'முழுமையாக' என்ற இரண்டு சொற்களும் அதை அடக்கமான கூற்றாக ஆக்கியிருக்கின்றன. ஜி.ஆர்.இ.யில் சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான், கவர்ச்சியில்லாமல், கொஞ்சம் வழவழவென்று, யாரும் சண்டைபோட முடியாத கூற்றாக உட்கார்ந்திருக்கும்.

இதனால்தான் மாதிரிக் கேள்விகளை நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளுவதை நான் ஊக்குவிப்பதில்லை. பத்துக் கேள்விகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் நான்கு தவறான தெரிவுகள் ஏன் தவறு என்பதைப் பத்தியின் எந்தச் சொல் அவற்றை வீழ்த்துகிறது என்று சுட்டிக்காட்டி எழுதுவது, ஐம்பது கேள்விகளைச் செய்துவிட்டு விடைத்தாளைப் பார்த்து டிக் போடுவதைவிடப் பயனுள்ளது. சரியாகச் செய்த கேள்விக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் தற்செயலாகச் சரியானவையும் அவற்றில் கலந்திருக்கும். அக்கா மகளின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: தேர்ந்தெடுத்தது - இரண்டாவது; ஈர்த்தது - எனக்கு முன்பே தெரிந்த செய்தி; வீழ்த்தும் சொல் - பத்தியில் ஏற்றுமதி என்பதே இல்லை. சில வாரங்கள் போனபின் இந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பட்ட பலவீனம் தெரியவரும். அவளுக்கு அது வெளி அறிவு. நான் பார்த்த வேறொரு பையனுக்கு, 'எப்போதும்', 'ஒருபோதும்' போன்ற வலுவான சொற்களின் மீது ஒரு மோகம்.

ஆனால் இந்தப் பயிற்சி பலன் தர வேண்டுமானால் கேள்விகள் தரமானவையாக இருக்க வேண்டும். கோச்சிங் சென்டர்கள் சொந்தமாகத் தயாரித்துத் தரும் தாள்களில் கணக்குக் கேள்விகள் ஓரளவு தேறும். பத்திக் கேள்விகள்தான் கவிழ்ந்துவிடும். தவறான தெரிவு ஒன்றை நியாயமாகத் தவறாக்குவது மிகக் கடினமான எழுத்து வேலை. அதைச் செய்யத் தெரியாதவர்கள் எழுதிய தாளில் இரண்டு விடைகள் சரியாக இருக்கும், அல்லது சரியென்று குறிக்கப்பட்டதே பத்தியில் இல்லாததாக இருக்கும். அப்படிப்பட்ட தாள்களில் பயின்ற மாணவர் வாதிடும் பழக்கத்தை இழந்து, தேர்வு வைப்பவரின் மனத்தை ஊகிக்கும் பழக்கத்தைப் பெற்றுவிடுகிறார். ஈ.டி.எஸ். தன் தளத்தில் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது; அதன் அதிகாரப்பூர்வப் பயிற்சி நூல்களும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவற்றை அவசரத்தில் தீர்த்துவிடக் கூடாது.

கேள்விகள் இல்லாத வெறும் வாசிப்பும் வேண்டும். இந்து நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படி என்பது தமிழ்நாட்டில் எல்லாத் தேர்வுக்கும் பொதுவான அறிவுரை. தலையங்கம் நல்ல ஆங்கிலம்தான், ஆனால் அது அன்றைய செய்தியின் மீது தீர்ப்பு சொல்லும் எழுத்து. ஜி.ஆர்.இ. பத்தி, ஓர் ஆய்வுக் கட்டுரையின் சாரத்தைப் பிழிந்தெடுத்தாற்போல் இருக்கும்: நெடுநாளைய கருத்து ஒன்று, அதற்கு எதிரான சான்று, அந்தச் சான்றின் வரம்பு, கடைசியில் அரைகுறையான ஒரு முடிவு. இந்த நடையோடு பழக 'சயின்டிஃபிக் அமெரிக்கன்', 'ஸ்மித்சோனியன்', 'ஜேஸ்டோர் டெய்லி' போன்றவற்றில் வரும் கட்டுரைகள் பொருத்தமானவை. நூல் மதிப்புரைகள் இன்னும் நல்லவை, அவற்றில் ஒருவர் கருத்துக்குள் இன்னொருவர் கருத்து பொதிந்திருக்கும். நமக்கு ஆர்வமில்லாத துறையிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டாவது படிப்பது அவசியம். தேர்வில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தையல் தொழிலாளர்களும் ஆழ்கடல் நுண்ணுயிர்களும் அடுத்தடுத்து வந்து நிற்கும்போது, 'இதெல்லாம் யாருக்கு வேண்டும்' என்ற அலுப்பே பாதி மதிப்பெண்ணைத் தின்றுவிடுகிறது.

படித்து முடித்ததும் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, யார் யாருக்கு எதிராக என்ன சொல்கிறார், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று மூன்று வாக்கியங்களில் தமிழில் எழுதச் சொல்வேன். ஆங்கிலத்தேர்வுக்கு ஏன் தமிழில் எழுத வேண்டும் என்று பெற்றோர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையின் சொற்களையே கொஞ்சம் இடம் மாற்றி வைத்துவிட்டு, புரிந்துவிட்டதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். கேள்வி, பதில் என்று நோட்ஸ் படித்துத் தேர்வு எழுதிப் பழகிய நமக்கு அந்த வித்தை நன்றாகவே கைவரும். தமிழில் எழுதும்போது கடன் வாங்கச் சொல் இருக்காது. புரியாத இடம் உடனே அம்பலமாகிவிடும். 'இருக்கலாம்', 'இருக்கக்கூடும்', 'இருந்தே தீரும்' என்ற படிகளில் ஆசிரியர் எதில் நிற்கிறார் என்று தீர்மானிக்காமல் வாக்கியத்தை முடிக்கவும் முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்பது சராசரி மட்டுமே. வெற்றிடக் கேள்விகளை ஒரு நிமிடத்துக்குள் முடித்தால்தான் நீண்ட பத்திக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். மூன்று வெற்றிடங்கள் கொண்ட கேள்வியில் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பகுதி மதிப்பெண் கிடையாது. ஆகவே அதில் பிடிபடாமல் நின்றால், ஏதோ ஒரு விடையைக் குறித்துவிட்டு, திரும்பிவர அடையாளமிட்டு நகர்ந்துவிட வேண்டும். அந்தப் பிரிவின் நேரம் முடியும்வரை பின்னால் போய்த் திருத்தத் தேர்வு மென்பொருள் அனுமதிக்கிறது. கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்தியைத் தேடிப் படி என்ற தந்திரத்தைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். ஒரு பெயரையோ ஆண்டையோ தேடும் கேள்விகளுக்கு அது உதவலாம், ஆனால் ஜி.ஆர்.இ. அப்படிப்பட்ட கேள்விகளை அரிதாகவே கேட்கிறது. ஆசிரியரின் நோக்கத்தைக் கேட்கும் கேள்விக்குப் பத்தியை முழுதாக ஒருமுறை படிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

கடைசிப் பத்து நாட்களில் புதிய சொல் எதையும் அட்டையில் ஏற்ற வேண்டாம் என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். பழைய குறிப்பேட்டில் 'முன்பே தெரிந்த செய்தி' என்று காரணம் எழுதிய பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்து, விடையைப் பார்க்காமல், தவறான தெரிவுகளை அவள் மீண்டும் ஒருமுறை வீழ்த்திப் பார்க்கட்டும். இலவச மாதிரித் தேர்வுகளில் இரண்டாவதை இன்னும் தொடாமல் வைத்திருக்கிறோம். அதைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், உண்மையான தேர்வு தொடங்கும் அதே நேரத்தில், கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.